அன்பு வாடிக்கையாளருக்கு ஆறு மணி வரை அவகாசம்

சாயங்காலம் ஐந்தேகால் இருக்கும். ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசு ஆலையின் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். தரை இன்னும் சுட்டது. வாசல் காவலர் ஒரு தகரப் பெட்டியை என் முன்னால் நீட்டினார். அணைத்து வைத்த செல்போன்கள் அதில் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பேர் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.

"போன இதுல போட்டுட்டுப் போங்கம்மா," என்றார்.

"ரெண்டு இருக்கு."

"ரெண்டையும்தான். உள்ள வெடிமருந்துல்ல இருக்கு."

ஒன்று என் சொந்தப் போன். அது போனால் போகட்டும். இன்னொன்று அலுவலகத்துப் போன். ஆறு வருஷமாக அதை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. குளிக்கப் போனால்கூட ஜன்னல் திட்டில் இருக்கும். அதில் அந்த நேரம் பார்த்து ஒரு முக்கியமான அழைப்பு வரவேண்டியிருந்தது. அதே நேரத்தில், ஆறு மணிக்குள் உள்ளே போய் அப்பாஸ் என்கிற மனிதரிடம் ஒரு பதிலைச் சொல்லவில்லையென்றால் என் கல்யாணம் கைவிட்டுப் போயிருக்கும்.

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "வேலையையும் வீட்டையும் எப்படிங்க ஒரே நாளுக்குள்ள அடக்குறீக?" என்று கேட்டிருந்தார். நான் எங்கே அடக்கினேன்? அன்றைக்கு இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அந்தக் கூத்தை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்

என் வேலை கணினிப் பாதுகாப்பு. கம்பெனி பெங்களூரில். நான் விருதுநகரில், எங்கள் வீட்டு மாடி அறையில். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. எங்கள் வாடிக்கையாளர்களின் கணினிக்குள் யாராவது திருட்டுத்தனமாக நுழைகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பது பாதி வேலை. போலி இணையப் பக்கம் வைத்து ஜனங்களை ஏமாற்றுகிறவர்களைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தை இறக்க வைப்பது மீதிப் பாதி.

அக்கம்பக்கத்தில் கேட்டால் என் அம்மா இவ்வளவு நீட்டி முழக்க மாட்டாள். "எம் மக கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்," என்பாள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

முதல் இரண்டு வருஷம் நான் மனுஷியாகவே இல்லை. ஒரு கையில் சோறு, ஒரு கையில் மவுஸ். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பெருநாள் அன்றுகூட திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிரியாணி தின்றேன். என்ன தின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்புறம் ஒருநாள் எனக்கே என்மேல் கோபம் வந்து சில பழக்கங்களைப் பிடித்துக்கொண்டேன். அதிகாலைத் தொழுகை முடிந்ததும் அம்மாவோடு ஸ்டேஷன் வரைக்கும் நடை. மணி இரண்டு அடித்தால் கணினியை மூடி அதன்மேல் தலையணை உறையைப் போர்த்திவிடுவேன். லுஹர் தொழுதுவிட்டுக் கீழே போய், வாய்க்கு ருசி தெரிகிற மாதிரி உட்கார்ந்து சாப்பாடு. இவ்வளவுதான். ஆனால் அந்த அலுவலகப் போனை மட்டும் விட முடியவில்லை. அது என்னோடு நடக்கவும் வந்தது, சாப்பிடவும் வந்தது.

தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எந்த மெசேஜ் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பேன். தெரியாத நம்பரா? அவசரப்படுத்துகிறதா? எதையாவது அழுத்தச் சொல்கிறதா? மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்று வந்தால் அந்த நம்பருக்கு அடைப்புதான். இந்த வகையில் மாமு மகள் கல்யாண அழைப்பையும், தெருப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அறிவிப்பையும் அடைத்திருக்கிறேன். வீட்டில் எனக்கு 'செக்போஸ்ட்' என்று பேர்.

என் அத்தா பஜாரில் மல்லி, வத்தல் வியாபாரம். அவருக்கும் பாடம் நடத்தியிருந்தேன். "தெரியாதவன் எவன் போன் பண்ணிக் கேட்டாலும் பேரு, ஊரு எதையும் சொல்லாதீக அத்தா." மனுஷர் அதை வியாபாரத்தைவிட நன்றாக மனப்பாடம் பண்ணிவிட்டார்.

ஒன்றும் நடக்காததற்குச் சம்பளம்

அப்பாஸுக்கு முன்னால் மூன்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாளா? மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க மகன் கடைய விட்ருவாகளா?" என்று திருப்பிக் கேட்டேன். டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பாஸ் சாத்தூர்க்காரர். வேதியியல் படித்துவிட்டு ஏழாயிரம்பண்ணை ஆலை ஒன்றில் போர்மேனாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு அவருடைய அம்மாவோடு வந்தவர், என் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் தன்னுடைய குறையைச் சொன்னார்.

"காலைல எட்டு மணிக்கு என் போன வாங்கி வச்சிருவாக. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திருப்பிக் குடுப்பாக. அதுவரைக்கும் நீங்க கூப்பிட்டா எடுக்க முடியாது. பரவாயில்லையா?"

பத்து மணி நேரம் போன் இல்லாமல் ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார். எனக்கு அவர்மேல் பொறாமையாக வந்தது.

"நீங்க என்ன வேல பாக்கீக?" என்று அப்புறம் கேட்டார்.

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிற வேல," என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் அதே வேலதான். ஒண்ணும் நடக்கலைன்னா ஒருத்தரும் நம்மளக் கண்டுக்க மாட்டாக."

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமொன்றும் இல்லை. அவர்கள் கிளம்பியதும் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். "கால ஒடிச்சுக்காத, அவுக இன்னும் பதிலே சொல்லல," என்று அம்மா கீழிருந்து சத்தம் போட்டாள். ஒரு வாரத்தில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆறு நாள் ஒரு தகவலும் இல்லை. ஆறு நாளும் வேலையில் எனக்குக் கவனமே இல்லை.

வந்தது மெசேஜ்

ஆடி பதினெட்டு தாண்டிவிட்டால் சிவகாசி ஆலைகளின் புது விலைப்பட்டியல் வெளிவந்துவிடும். அதோடு சேர்ந்து போலிப் பட்டாசுப் பக்கங்களும் முளைத்துவிடும். பாதி விலை என்பான், பணத்தை வாங்குவான், ஆளைக் காணோம். அந்தச் சமயம் எங்கள் அணிக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

ஏழாம் நாள், புதன்கிழமை, காலை பதினொரு மணி. தெரியாத நம்பரிலிருந்து என் சொந்தப் போனுக்கு இது வந்தது:

"அன்பு வாடிக்கையாளரே, உங்களுக்காக ஒரு சிறப்புப் பரிசு காத்திருக்கிறது. கீழே அழுத்திப் பார்க்கவும். இன்று மாலை 6 மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவும். தவறினால் இந்த அரிய வாய்ப்பு கைநழுவும்."

மூன்று கேள்விக்கும் ஆமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆள் தெரியாமல் என்னிடமே வருகிறான் பார் என்று, தனியாக வைத்திருக்கும் சோதனைக் கணினியில் அந்த இணைப்பைத் திறந்தேன். ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியின் பேர். பக்கம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு புஸ்வாணப் பெட்டி. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 'பர்வீன் ஸ்பெஷல்'. அதற்குக் கீழே 'சம்மதம்' என்று பச்சையில் ஒரு பொத்தான்.

என் பேர் பர்வீன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. என் பேரையே எங்கிருந்தோ திருடி, எனக்கென்றே வலை விரித்திருக்கிறானே! நம்பரை அடைத்தேன். அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்குக் காரசாரமாக அறிக்கை எழுதினேன். ஒன்றரை மணி நேரத்தில் பக்கம் காணாமல் போனது. எங்கள் அணித்தலைவி பெங்களூரிலிருந்து கைதட்டுகிற படம் அனுப்பினார். நான் சுழல் நாற்காலியில் நாலு சுற்று சுற்றினேன்.

அந்தக் கம்பெனியின் பேரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டிருக்கிறேனா என்று யோசிக்கவே இல்லை. அப்பாஸ் தன் கம்பெனியின் பேரைச் சொன்னபோது நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோறு இறங்கவில்லை

இரண்டே காலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்தத் தம்பி மெசேஜ் அனுப்புச்சாம்மா?" என்றார்.

"எந்தத் தம்பி?"

"சாத்தூர்த் தம்பிதான். நேத்து என்னையக் கூப்பிட்டு, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், நம்பர் குடுங்கன்னுச்சு. புதுசா வர்ற புஸ்வாணத்துக்கு உம் பேர வைக்கணுமாம். லேபிளு ஆறு மணிக்கு அச்சுக்குப் போகுதாம். நீ சம்மதம்னு சொன்னா கல்யாணத்துக்கும் சம்மதம்னு எடுத்துக்கிருவாகளாம்."

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. "நேத்தே ஏன் அத்தா சொல்லல?"

"மல்லி லோடு எறங்குச்சும்மா. மறந்துட்டேன்."

அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. "நீ என்ன செஞ்ச?"

"நம்பர அடைச்சுட்டேன்."

"அம்புட்டுத்தானே?"

"அவுக கம்பெனிப் பக்கத்தையும் எறக்கிட்டேன்."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லுன்னா, மாப்பிள்ள கம்பெனியவே மூடிட்டு வந்திருக்கா," என்று என்னைக் காட்டி அத்தாவிடம் சொன்னாள். அத்தாவுக்குச் சிரிப்பு வந்து ரசம் புரையேறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அடைத்த நம்பரைத் திறந்து கூப்பிட்டேன். ஓயாமல் பிஸி. பக்கம் காணாமல் போனதால் ஏஜெண்டுகள் எல்லோரும் அந்த ஆலை ஆபீஸ் நம்பருக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'சம்மதம்' என்று எழுதி அனுப்பினேன். அதை அங்கே யாரும் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை. அப்பாஸின் போன் அணைந்து கிடந்தது. அவருடைய அம்மாவைக் கூப்பிடலாம் என்றால், நான் செய்த காரியத்தை அவர்களிடம் எந்த வாயால் சொல்வது?

"நேர்ல போயிருவோம்," என்றார் அத்தா. மறந்த பாவம் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

குட்டியானையில் பெண் வீட்டார்

எங்களிடம் இருந்த ஒரே வண்டி அத்தாவின் குட்டியானை. அதிலிருந்த மல்லி மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்ப நாலு மணி ஆகிவிட்டது. மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு லோடு வேனில் போன பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாத்தூர் வரைக்கும் எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

வண்டியிலேயே அணித்தலைவிக்கு எழுதினேன். காலையில் இறக்கிய பக்கம் உண்மையான பக்கம், தப்பு முழுக்க என்னுடையது. இந்த வேலையில் இப்படி ஒன்றை எழுதுவது சாதாரணமில்லை. அதைப் படித்தவர் உடனே கூப்பிட்டார். முழுக் கதையையும் கேட்டு ஒரு நிமிஷம் சிரித்தார்.

"பரவால்ல, நான் எழுதிடறேன். ஆனா பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி, அதுக்கு இடம் குடுத்த கம்பெனி உன்னைத்தான் கூப்பிட்டுக் கேக்கும். போனை எடு. எடுக்கலைன்னா நாளைக்குத்தான்," என்றார்.

அந்தப் போனைத்தான் காவலர் பெட்டியில் போடச் சொன்னார்.

வாசலிலிருந்து பார்த்தால் முதல் கட்டிடம் ஆபீஸ். மருந்து அறைகள் அதற்கு அப்பால் தள்ளித் தள்ளி இருந்தன. மணி ஐந்து இருபது. நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். அப்புறம் சொந்தப் போனைப் பெட்டியில் போட்டேன். அலுவலகப் போனை ரோட்டோரமாக நின்ற அத்தாவிடம் கொடுத்தேன். போன் பூட்டியிருப்பதால் அவரால் உள்ளே எதையும் திறக்க முடியாது, அழைப்பு வந்தால் எடுத்துப் பேச மட்டும் முடியும். இது கம்பெனி விதிக்கு விரோதம்தான். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

"யாராச்சும் கூப்பிட்டா, பர்வீன் தப்பா எழுதிட்டா, பக்கத்தத் தொறந்துவிடுங்கன்னு சொல்லுங்க அத்தா."

"சரி போ. நான் சொல்லிக்கிறேன்."

செல்வி அக்காவின் மரியாதை

ஆபீஸில் கிளார்க் செல்வி அக்கா இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, "எங்களுக்கும் தெரியலங்க, காலைல இருந்துச்சுங்க," என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேரைச் சொன்னதும் இரண்டையும் கீழே இறக்கினார்.

"நீங்கதானா? சம்மதம் இல்லைன்னாலும் ஒரு வார்த்த அனுப்புறதுக்கு என்ன? அந்தத் தம்பி மத்தியானம் சோறுகூடத் திங்கல."

"நீங்கதான் அனுப்புனீகளா? வாடிக்கையாளரேன்னு போட்டிருந்துச்சே."

"எல்லாப் பார்ட்டிக்கும் அப்படித்தாம்மா போடுவேன். மரியாதையா இருக்கணும்ல. அரிய வாய்ப்புங்கிறது மட்டும் நானாச் சேத்தது."

உள்ளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அப்பாஸ் வந்தார். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. பேரு வைக்கவான்னு கேட்டதே தப்பு," என்றார். "உங்ககிட்ட இருந்து பதிலே வரலைன்னதும் எனக்குப் புரிஞ்சிருச்சு. ஆனாலும் ஆறு மணி வரைக்கும் பாப்போம்னு, அச்சாபீஸ்ல இன்னும் பேர மாத்தச் சொல்லல."

அவர் அப்படி நின்று மன்னிப்புக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்தது அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மெசேஜ், போலி என்று நினைத்தது, அடைத்தது, அறிக்கை எழுதியது.

"அப்ப பக்கத்த எறக்குனதும் நீங்கதானா?"

"ஆமா."

"காலைல இருந்து மொதலாளி மகன் அதத் தேடிக்கிட்டு இருக்காரு. எம்புட்டு நேரத்துல எறக்குனீக?"

"ஒன்றர மணி நேரம்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். செல்வி அக்காவும் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து அத்தாவின் குரல் கேட்டது. பஜாரில் ஏலம் கேட்கிற குரல் அது.

"மொதல்ல நீ யாரு, அதச் சொல்லு. எம் மக பேரு உனக்கு எதுக்கு? தெரியாதவகளுக்கு எதுவும் சொல்லக் கூடாதுன்னு எம் மக சொல்லிருக்கா. வைப்பா போன."

கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் அப்போதே பக்கத்தைத் திறந்துவிடலாம். என் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து நிமிஷம்.

"போய்ப் பாருங்க. வேலதானே," என்றார் அப்பாஸ்.

"அது நாளைக்குத் தொறந்துக்கிரும்," என்றேன். ஆறு வருஷத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மறுநாள் காலையில் நானே பேசித் திறக்க வைத்தேன், அது வேறு கதை. அன்றைக்கு நான் அந்த அறையை விட்டு அசையவில்லை.

"லேபிளுக்கு எனக்குச் சம்மதம் இல்ல," என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. செல்வி அக்கா என்னை முறைத்தார்.

"ஊராரு பேரு வெளிய போகாமப் பாத்துக்கிறதுதான் என் பொழப்பு. எம் பேரு தெருத்தெருவா வெடிச்ச காகிதத்துல கெடக்க வேண்டாம். வீட்டுக்குள்ள நீங்க அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்படின்னா…"

"உங்களுக்குச் சம்மதம்."

என் காது இரண்டும் சுட்டது. அப்பாஸ் அந்த அலுமினியக் கையால் முகத்தைத் துடைத்தார். நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் வெள்ளியாகிவிட்டது. அது தெரியாமல் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தம்பி, மணி ஆகுது, அச்சாபீஸ்," என்று செல்வி அக்காதான் நினைவுபடுத்தினார்.

அப்பாஸ் மேசையில் இருந்த போனைச் சுழற்றினார். அச்சாபீஸ் அண்ணாச்சி மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர். அவர் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"என்னலே அப்பாசு, பேரு என்னாச்சு? பிளேட்டு ரெடியா இருக்கு."

"பேரு வேண்டாம்ணே. வெறும் நம்பரு மட்டும் போடுங்க. அவுக சம்மதிச்சிட்டாக."

"ஏலே, சம்மதிச்சா பேரப் போட வேண்டியதுதானலே?"

"அதில்லண்ணே. பேருக்குச் சம்மதிக்கல. எனக்குச் சம்மதிச்சிட்டாக."

அண்ணாச்சி அடுத்த கேள்விக்குப் போனார்.

"அப்பக் கல்யாணப் பத்திரிகை ஆர்டரு நமக்குத்தானே?"

"ஒங்களுக்குத்தாண்ணே," என்றார் அப்பாஸ். அதற்கு மட்டும் அவர் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.